பெரியவருக்குப் பேசிவைத்த வண்டி

வண்டியைத் தன் அண்ணனுக்குத் தருவதாகக் கணவன் வாக்குக் கொடுத்துவிட்டான். கம்பளம் சுத்தம் செய்யும் இயந்திரத்தை வயிற்றுக்குள் பொருத்திய வேன் அது. ஓட்டுவதும் வாடிக்கையாளர்களிடம் குழைவதும் அவன் பாடு. இயந்திரத்தைப் பராமரிப்பது அவள் பாடு. கொஞ்ச நாளாக அது கம்பளத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சாமல் சண்டித்தனம் செய்தது. மோட்டார் போச்சு, இனி தேறாது என்று அவன் முடிவு கட்டினான். வீட்டுக்குப் பெரியவரான அண்ணன் கேட்டார், இவன் தலையாட்டினான். அண்ணன் கேட்டு மாட்டேன் என்று சொன்னதாக அவன் சரித்திரத்திலேயே கிடையாது.

அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் நினைத்த ஒரே பொருள் அந்த இரைச்சல் பிடித்த இயந்திரம்தான். இருந்தாலும் அழுக்கோடு கொடுத்தால் யாருக்கு மானக்கேடு? பெரியவர் வரவேண்டிய அன்று காலையிலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வழக்கமான வேலையில் இறங்கினாள்.

அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாள். வடிகட்டிக் கூடையைக் கவிழ்த்தால், யார் வீட்டு நாயோ, ஒரு குட்டி நாய் செய்யுமளவுக்கு முடி. மோட்டாருக்கு எண்ணெய் பார்த்தாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. கடைசியாகத் தொட்டி மூடியைத் துடைக்கும்போதுதான் விரல் ஓரிடத்தில் நின்றது. மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையின் மேடான பக்கம் தொட்டியைப் பார்த்து இருக்கவேண்டும். அது மூடியைப் பார்த்து இருந்தது. சுற்றிலும் காற்று புகுந்தால் இயந்திரம் எதைத்தான் உறிஞ்சும்? போன மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற மகராசனின் கைங்கரியம்.

பட்டையைத் திருப்பி மாட்டி இயந்திரத்தை ஓடவிட்டாள். குழாய் கால்மிதியைக் கவ்வித் தூக்கியது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த நொடியே சிரிப்பு அடங்கியது. இதைப் பார்த்தால் பெரியவர் விடுவாரா?

வாசலில் கார் வந்து நின்றது. இயந்திரத்தை நிறுத்திப் பட்டையைப் பழையபடி புரட்டிவிட ஒரு நிமிஷம் போதும். அவள் கை மூடிவரை போனது. ஆனால் நன்றாக ஓடுகிற ஒன்றைத் தன் கையால் கெடுக்க மனம் வரவில்லை. வெளியே ஓடிவந்த கணவனிடம், பட்டை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டினாள். அவன் முகம் தொங்கிப்போனது.

அதற்குள் பெரியவர் வந்து குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். சபக்கென்று பிடித்துக்கொண்டது.

"செத்துப்போச்சுன்னு சொன்னியேடா? இது ஆளையே இழுக்குது. இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

கணவன் அண்ணன் அருகே வந்தான்.

"வண்டி மேல தப்பில்லண்ணா. ரப்பரை மாத்தி மாட்டினது நான்தான்" என்றான். பிறகு, தனக்கே கேட்காத குரலில், "வண்டியைத் தர்றதா இல்ல."

"என்னது? சத்தத்துல காதுல விழல."

"தரமாட்டேன்னு சொன்னேன்" என்று கத்தினான் கணவன்.

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது, கையெல்லாம் மசகு. பெரியவர் கையை விடுவிக்க முடியாமல் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டினார். நிறுத்துகிறேன் மாமா என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்து ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.