நல்லெண்ணெய்ப் போத்தல்

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போத்தல் வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து அருந்ததி அனுப்பும் நல்லெண்ணெய். போத்தலைத் தன் பழைய சேலைத் துண்டால் சுற்றிக் கட்டியிருப்பாள். கனகலிங்கம் முதலில் அந்தத் துண்டைத்தான் மோந்து பார்ப்பான். கட்டிய பெண்சாதியைத் துணியில் தேடுகிற மனிதனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அறுபத்தாறாம் ஆண்டு அவனுக்குக் குடல் முறுகி, ஆஸ்பத்திரியில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பித் துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றக் காணிக்குத் திரும்பியபோது, மாமனார் வீரகத்தியர் மகளை யாழ்ப்பாணத்திலேயே மறித்து வைத்துக்கொண்டு ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்.

"முதல் உடம்பைத் தேத்தும் தம்பி. பிறகு பிள்ளையை அனுப்புறன்."

உடம்பு தேற எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். அவள் அனுப்பினாள், இவன் குடித்தான், குடித்த கையோடு வயிற்றோட்டத்தில் பற்றைக்குள் ஓடினான். நாலு மாதத்தில் எலும்பும் தோலும்தான் மிச்சம். மெலிந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு அவள் இரண்டு போத்தலாக அனுப்பினாள். அதையும் குடித்தான். அவள் கை பட்டதைக் கொட்ட மனம் வருமா?

கிளினிக்குக்கு வந்த டொக்டர் இந்தக் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"எண்ணெயைக் கரைக்கிறதுக்கு ஈரல் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். அதிலை இருக்கிற பித்த உப்பைச் சிறுகுடலின்ரை கடைசிப் பகுதி உறிஞ்சி, இரத்தத்திலை ஏத்தித் திரும்ப ஈரலுக்கே அனுப்பும். அதே உப்புத்தான் ஒரு நாளைக்கு ஆறேழு தரம் போய் வாறது. உங்களுக்கு அந்தப் பகுதி இல்லை. போறது திரும்பி வராது. கரையாத எண்ணெய்தான் வயிற்றாலை போகுது. எண்ணெயை விடுங்கோ, உடம்பு தேறும்."

கனகலிங்கத்துக்கு மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. போனது திரும்பி வராது என்பது மட்டும் நெஞ்சில் தைத்தது. அவளை உடனே காண வேண்டும் போலிருந்தது. வயல் வரம்பில் குந்தியிருந்து அழுதான்.

"இனி எண்ணெய் அனுப்ப வேண்டாம்" என்று தபாலட்டை போட்டான். பற்றைக்குள் ஓடியதை எழுதினால் தபால்காரனிலிருந்து மாமனார் வரை வாசிப்பார்களே என்ற வெட்கத்தில் காரணத்தை எழுதவில்லை. மடையன்.

போத்தல் நின்றது. கடிதமும் நின்றது. வயிறு அடங்கி, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஆனால் ஏக்கம் அவனைத் தின்றது. நாலாவது செவ்வாயும் பஸ்ஸுக்குப் போய் நின்றான்.

அருந்ததி இறங்கினாள். கையில் தகரப்பெட்டி.

"எண்ணெய் வேண்டாமெண்டு ஒரு வரி எழுதினால் நான் என்னெண்டு விளங்குறது? என்னை வேண்டாமெண்டுதானே நினைச்சனான்."

அவன் டொக்டர் சொன்னதை, பற்றையையும் விடாமல், பஸ் நின்ற இடத்திலேயே சொன்னான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப ஏன் குடிச்சனீங்கள்?"

"நீர் அனுப்பினதெல்லோ."

கனகலிங்கம் அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"மாமா என்னெண்டு விட்டவர்?"

"அவர் விடேல்லை. போனால் திரும்பி வராதை எண்டவர்."

கனகலிங்கம் பெட்டியை வாங்கிச் சைக்கிளில் இறுக்கிக் கட்டினான்.

"அப்ப திரும்பிப் போகாதையும்" என்றான்.