லோகஸ்ட் தெருவின் மஞ்சள் நாற்காலி

பிரேடன் பெர்ரி என்ற உருக்காலை ஊரின் போலீஸ்காரர்களால் மட்டும் லோகஸ்ட் தெருவில் கிடந்த ஒரு சமையலறை நாற்காலியைத் தூக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு கைக்குக் காணாது. குரோம் கால்கள், மஞ்சள் ரெக்ஸின் இருக்கை, ஓரம் கிழிந்து பஞ்சு பிதுங்கியிருக்கும். தபால்காரி தன் வண்டியைத் திருப்ப இடுப்பால் அதை இடித்துத் தள்ளுவாள், திருப்பியதும் பழைய இடத்தில் வைப்பாள். அதே நகராட்சியில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு ஆட்கள் இரண்டு விரலில் மாட்டித் தூக்கி நடைபாதையில் வைத்திருக்கிறார்கள். போலீஸ் கை பட்டால்தான் உருக்காலைத் தளத்தில் பதித்த இரும்பு மாதிரி நின்றது.

நாற்காலிக்கு அந்த ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. இடுப்பொடியப் பனி வாரி, கார் நிறுத்த ஓர் இடம் உண்டாக்கியவன், வேலைக்குக் கிளம்பும்போது அதில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். திரும்பி வரும்வரை இடம் அவனுடையது. குடிபோதையில் வருகிறவன்கூட அதைத் தொடமாட்டான். இடம் அவசரமாக வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். பனி உருகினால் நாற்காலி வீட்டுக்குள் போய்விடும். வெர்னெல் டாகெட்டின் நாற்காலிதான் போகவில்லை.

வெர்னெல் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து தள்ளித் தோள்பட்டை இறங்கிப்போனவள். ஒரு ஜனவரி விடியலில், அம்மா வந்து காரை நிறுத்தட்டும் என்று மகன் டெரன்ஸ் வீட்டு முன்னால் பனி வாரிக்கொண்டிருந்தான். வேறு யாரையோ தேடிக்கொண்டு வந்த போலீஸ் காரிலிருந்து இரண்டு குண்டுகள் வந்தன. நீளமான ஆயுதத்தை ஓங்கினான் என்று போலீஸ் சொன்னது. கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. சுட்டவர் ஓய்வு வாங்கிக்கொண்டு பனி பெய்யாத ஊருக்குப் போய்விட்டார். போலீஸ் கட்டிய மஞ்சள் நாடாவை அவிழ்த்த அன்று, பாதி வாரிய இடம் பாதியாகவே கிடந்தது. மகனின் நீளப் பிடி போட்ட அலுமினியப் பனிவாரியைப் போலீஸ் எடுத்துப் போயிருந்ததால், வெர்னெல் எதிர்வீட்டு டோம் பெஸ்கியிடம் ஒன்றை வாங்கி மீதிப் பாதியை வாரி முடித்து, நாற்காலியைப் போட்டாள். காரை அவள் அங்கே நிறுத்தவே இல்லை. அந்த ஒரு கார் நீளத்துக்கு அதற்குப் பிறகு பனியும் விழவில்லை.

ஏப்ரலில் போலீஸ்காரர்கள் நாற்காலியை அகற்ற வந்தார்கள். முதலில் ஒருவர், பிறகு இருவர், பிறகு நால்வர். கடைசியில் போலீஸ் இழுவை வண்டி வந்து கொக்கி மாட்டியது. நாற்காலி நின்றது, வண்டியின் முன்சக்கரங்கள்தான் தரையை விட்டு எழும்பின. உருக்காலையில் முப்பது வருடம் சுமை தூக்கிய பெஸ்கி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகு போயிரும்டா தம்பி. சுமை தூக்கிப் பழக்கமில்ல போல."

"வாய மூடுறியா பெரியவரே, இல்ல உள்ள போறியா?"

"மொதல்ல நாற்காலிய உள்ள போடு. அப்புறம் என்னைப் போடலாம்."

அதற்குப் பிறகு ஊரில் போலீஸ் சொல்லைக் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. நில் என்றால் நிற்கமாட்டார்கள். சாட்சிக்குக் கூப்பிட்டால் கதவு திறக்காது. இதனால் நல்லது எதுவும் நடந்துவிடவில்லை. கார்க் கண்ணாடிகள் உடைந்தன, மருந்துக்கடை இரண்டு முறை கொள்ளை போனது. புருஷனிடம் அடிவாங்கிய ஒரு பெண், போலீஸுக்குப் போன் பண்ணாமல் வெர்னெல் வீட்டுக்கு ஓடிவந்தாள். நடுவில் போய் நின்ற வெர்னெலுக்கு ஒரு பல் போனது. "நான் துணி துவைக்கிறவ. இது என் வேலையா?" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கேட்டாள். போலீஸே வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மகன் கையில் இருந்தது என்ன என்பதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

போலீஸ் தலைமை அதிகாரிகளான சீஃப்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் கார்களுக்கு வேறு வண்ணம் அடித்தார். அடுத்தவர் எல்லோர் நெஞ்சிலும் கேமரா மாட்டினார். நாற்காலியைத் தூக்க முடியாதது அதில் தெளிவாகப் பதிவானது. மூன்றாமவர் பள்ளிக்கூட வாசலில் ஐஸ்கிரீம் கொடுத்தார், தொப்பியை மாற்றினார். பதவியேற்ற மறுநாள் காலையில் ஒவ்வொருவரும் லோகஸ்ட் தெருவுக்கு வந்து குனிந்தார்கள், முகம் சிவக்க நிமிர்ந்தார்கள். ஒருவருக்குக் குடல் இறங்கியது.

நாலாவதாக வந்தவள் மார்லின் ஹுடாக். டெரன்ஸ் செத்தபோது அவள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். நல்ல பனி பெய்துகொண்டிருந்த காலையில் வந்தாள். நாற்காலியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் வெர்னெலின் கதவைத் தட்டினாள்.

"மிஸ் வெர்னெல், உங்க நாற்காலிய நகர்த்திக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"உருக்காலைக் கோக் சூளையில வேலை பாத்த ஹுடாக் மகதானே நீ? உங்கப்பன் நாற்காலிய எவனாவது தொட்டா, அவன் காருக்கு நாலு டயரும் தரையில படுத்துக் கெடக்குமே."

"அதான் கேக்குறேன்."

"கேக்கணும்னு தோண உங்களுக்கு ஒன்பது வருஷம் ஆச்சு." வெர்னெல் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "நானும் ஒண்ணு கேக்குறேன். என் பையன் கையில என்ன இருந்துச்சு?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை போகும் என்று நகராட்சி வக்கீல் முதல் நாளே மார்லினிடம் சொல்லியிருந்தார். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பனிவாரி," என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? தெருவுக்குச் சொல்லு."

தெருவில் ஆட்கள் பனி வாரிக்கொண்டிருந்தார்கள். மார்லின் படியில் நின்று உரக்கச் சொன்னாள். "டெரன்ஸ் டாகெட் கையில பனிவாரிதான் இருந்துச்சு. அவன் எதையும் ஓங்கல. நாங்க பொய் சொன்னோம்."

பனி வாரும் சத்தம் நின்றது. பெஸ்கிதான் முதலில் பேசினார். "நாங்கன்னா? நீ அப்ப இங்க இல்லவே இல்லயே!"

"இதே சட்டைதான் போட்டிருக்கேன்," என்றாள் மார்லின்.

வெர்னெல் வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கி வந்தாள். "இப்பத் தூக்கு."

மார்லின் குனிந்து இரண்டு கையாலும் பிடித்தாள். நாற்காலியின் கால்கள் தரையை விட்டு ஒரு விரல்கடை உயர்ந்தன. வெர்னெல் குந்தி உட்கார்ந்து அந்த இடைவெளியில் தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப கனமா இருக்கு மிஸ் வெர்னெல்."

"இருபத்திரண்டு வயசுப் பையன். கனமாத்தான் இருப்பான்." வெர்னெல் கையை எடுத்துக்கொண்டாள். "மெதுவா வை."

ஈஸ்டருக்கு முன்பே மார்லினுக்கு வேலை போனது. அடுத்து வந்த சீஃப் கதவைத் தட்டாமல் நேராகக் குனிந்தார், நாற்காலி அசையவில்லை. அவரும் ஒரு மாதம் கழித்து வந்து கதவைத் தட்டினார், படியில் நின்று அதையே சொன்னார். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. வருடத்தின் முதல் பனிக்குச் சீஃப் வருவார், தட்டுவார், சொல்வார், தூக்குவார். போலீஸ் ஒழுங்காக நடந்துகொண்ட வருடங்களில் நாற்காலி கணுக்கால்வரை வந்தது. ஒரு பையனின் கையை ஸ்டேஷனில் முறித்துவிட்டு, வழுக்கி விழுந்தான் என்று சொன்ன வருடம், அது மறுபடி தரையோடு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்ன பிறகுதான் விட்டது. வெர்னெல் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். பனி தள்ளும் வண்டிக்காரர் அந்த இடத்தில் ஒதுங்கிப் போகிறார். நாற்காலி எவ்வளவு உயரம் வந்தது என்பதை, பனியால் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை என்று சொல்லி முடித்ததும் ரேடியோவில் சொல்கிறார்கள். இந்த வருடம் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை வந்தது. பனி உருகச் சாலையில் போடும் உப்பு மூட்டைக்கு அரை டாலர் ஏறியிருக்கிறது என்பது அடுத்த செய்தி.