முயல் தனியாக இருந்த அறை

1.
இந்தக் கதை அம்மா போனில் சொன்னது. பாதியில் குக்கர் விசிலடித்தது, வைத்துவிட்டாள். மீதியை வெளியூரில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து போனிடமே பேசி எழுதுகிறேன். பக்கத்தில் யாருமில்லை, சத்தமாகவே பேசலாம். அம்மா என்று சொன்னால் எனக்குக் கற்பனை ஓடாது. ஆகவே இனி அவள் சஃபியா.

2.
1994. கோவையில் மேற்கிலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டி...

(வேண்டாம். ஜன்னலில்லாத அறைக்குக் காற்று எதற்கு?)

ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். மரப்பெட்டிக்குள் முயல், அதன் மண்டையில் வெள்ளிக் கம்பிகள். மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பேனா முள் காகிதச் சுருளில் கோடாக வரையும். மிக மெல்லிய மைக்ரோவேவ் அலை பட்டால் அந்தக் கோடு மாறுமா? கேள்வி அவ்வளவுதான்.

"அலை மெஷினைப் போட்டதும் நீ வெளிய போயிரு அம்மணி," என்பார் பேராசிரியர் வரதராஜுலு, அவரிடம் படிக்கும் சஃபியாவிடம். "நாளைக்குக் கல்யாணம் காச்சி ஆகோணுமல்ல?"

"முயலுக்கு ஆக வேண்டாமுங்களா சார்?"

"அதுக்கு நீயே மாப்பிள்ளை பாரு."

3.
கோடு மாறியது. அலை இல்லாதபோது நிதானம், அலை பாய்ந்ததும் நடுக்கம். சார் கட்டுரை எழுதிவிட்டார், சஃபியாவின் பெயரும் சேர்த்து. அது வெளிவந்தால் பெங்களூரில் ஆராய்ச்சி. வராவிட்டால் வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை.

(மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அவர் என் அத்தா.)

4.
மெஷின் ஓடாத நேரமெல்லாம் சஃபியா உள்ளேயே இருப்பாள். பெட்டிமேல் கை வைத்து, "ஏங்கண்ணு, தூங்கிப்போட்டியா?" என்று பேசிக்கொண்டே இருப்பாள். மெஷின் ஓடும்போது வெளியே. அப்படியானால் முயல் நடுங்கியது அலையாலா, அவள் போனதாலா?

ஒரு நாள் இது உறைத்ததும் சாரிடம் போனாள்.

"ஒருக்கா மெஷினைப் போடாம வெளிய போய்ப் பார்க்கறேனுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாரு. ஆனா பார்த்துப்போட்டா, அப்புறம் பார்க்காத மாதிரி இருக்க முடியாதும்மா."

5.
முடிவு ஒன்று: கோடு மாறவில்லை. பெங்களூர்.

முடிவு இரண்டு: அலையே இல்லாமல் கோடு

(இங்கேதான் குக்கர். மறுநாள் கேட்டதற்கு, "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்றாள்.)

6.
மெஷினைப் போடாமலே சஃபியா வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள். நானும் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே இப்போது முயலும் நீங்களும்தான். பேனா என்ன வரைகிறது என்று பார்க்க நின்றீர்களானால் முயல் தனியாக இல்லை, சோதனை கெட்டது. தெரிய வேண்டுமென்றால் நீங்களும் எழுந்து போகத்தான் வேண்டும்.

அவசரமில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டே போங்கள்.