டெஸ்டுக்கு முந்தின நாள் சர்வீஸ்

ஈஸ்வரி சொன்னது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை டெஸ்ட் முடிகிற வரைக்கும் வண்டியில் கை வைக்க வேண்டாம், அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றாள். பேச்சைக் கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் வியாழக்கிழமை மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கே வாசலில் ஸ்பேனரும் கையுமாகக் குத்தவைத்து உட்காரப் போகிறேன்?

என் நினைப்பு நல்ல நினைப்புதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என் மனைவி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எல்.எல்.ஆர். வாங்கிய ஆறு மாசம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. மகாராஜபுரம், கான்சாபுரம் என்று ஊர் ஊராக வண்டியில் போக வேண்டும். சூப்பர்வைசர் பிரிஸ்கில்லா இரண்டு வாரமாக அந்த இடத்தை இவளுக்காகவே பிடித்து வைத்திருந்தார். வெள்ளி சாயங்காலத்துக்குள் பாஸ் என்று சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஆயில்கூட மாற்றாத வண்டியில் போவதா?

ஒர்க்‌ஷாப் கருத்தையாவிடம் விட்டிருக்கலாம். அவர் சர்வீஸ் எனக்குத் தெரியாததா? ஆயிலை மாற்றுவார், துணியால் ஒரு துடை துடைப்பார், டீ குடிக்கப் போய்விடுவார். மில்லில் நூறு மோட்டாரைக் கட்டி மேய்க்கிற எலெக்ட்ரீஷியனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன்.

வீடியோவில் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். அவன் தொட்ட நட்டெல்லாம் தானாகக் கழன்று வந்தது. என் வண்டியின் ஆயில் போல்ட் ஏறி மிதித்தும் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி சைலன்சரில் இடித்துத் தோல் உரிந்தது. கடைசியில் போல்ட் கழன்றபோது ஆயில் தட்டில் விழாமல் ஈஸ்வரியின் கோலத்தில் விழுந்தது. அவள் வெளியே வந்து கோலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆயில் மட்டுந்தான?"

"ஆயில் மட்டுந்தான்டி" என்றேன்.

சொன்னபடி அதோடு விட்டிருக்கலாம். அந்தத் தம்பி விடவில்லை. ஆயிலுக்குப் பிறகு பிளக், பிளக்குக்குப் பிறகு ஏர் ஃபில்டர், அதற்குப் பிறகு செயின். செயினைக் கழற்றும்போது லாக் ஒன்று துள்ளிச் சாக்கடைப் பக்கம் ஓடியது. ஒரு மணி நேரம் குனிந்து தேடி, அது என் லுங்கி மடிப்பிலேயே கிடந்ததைக் கண்டபோது வண்டியை எட்டி உதைக்கத் தோன்றியது. மதியச் சோறு ஆறிப்போனது. சாயங்காலம் ஈஸ்வரி வந்து கடைசியாக ஒரு தடவை எட்டுப் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். செயின் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் போ என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுண்டிப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தும், அப்போது கோபம் அந்தச் செயின் மேல் இருந்தது.

இருட்டும் முன் எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். வண்டி நின்ற இடத்திலேயே கத்தியது. சில வாரங்களாகவே இப்படித்தான் கத்துகிறது, பெட்ரோலும் குடிக்கிறது. எந்தப் புண்ணியவான் இப்படி ஏற்றி வைத்தான் என்று கருத்தையாவைத் திட்டிக்கொண்டே, ஆக்சிலேட்டரை முறுக்காதபோது என்ஜின் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று வைக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். சத்தம் அடங்கியது. கிளட்ச் ஒயரையும் என் கைக்குத் தோதாக இழுத்து வைத்தேன். அந்த நாள் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஈஸ்வரி, சத்தம் குறைந்திருக்கிறதே என்று கேட்டாள். பாத்தியா, எல்லாம் சர்வீஸ் என்றேன்.

மைதானத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எப்படியோ முதல் வளைவைக் கடந்தாள். நடுவில், எட்டு ஒடுங்குகிற இடத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் திருப்பினாள். என்ஜின் விக்கி அணைந்தது. அவள் கால் தரையில் ஊன்றியது.

நான் ஓடினேன். ஸ்க்ரூவை நான்தான் இறக்கினேன், தப்பு என்னுடையது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன். கால் ஊன்றுகிற எல்லோரும் வண்டியைத்தான் குற்றம் சொல்லுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஈஸ்வரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கருத்தையா அண்ணன்கிட்டச் சொல்லி நாந்தான் அத ஏத்தி வச்சேன். முறுக்காமலே வண்டி நகந்தாத்தான் எட்டு நல்லா விழும்னாவ. ஒங்ககிட்டச் சொன்னா பெட்ரோலு போகுதுன்னு கத்துவிய."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக நின்றேன். அவள் போனை எடுத்து பிரிஸ்கில்லாவை அழைத்தாள். எல்.எல்.ஆர். இன்றோடு முடிகிறது, திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டும், இடத்தை அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். என்ன ஆயிற்று என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"வண்டில ஒண்ணுமில்லக்கா. எனக்குத்தான் பழக்கம் பத்தல."

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று சைடு பாக்ஸிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மண்டி போட்டு, ஸ்க்ரூவைத் திரும்ப ஒன்றரைச் சுற்று ஏற்றி, ஸ்டார்ட் செய்தேன். வண்டி பழையபடி கத்தியது.

ஈஸ்வரி போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"இப்ப எதுக்கு?" என்றாள்.