வியாழக்கிழமைச் சத்திரசிகிச்சை

எங்கள் குடும்பத்தில் பெண் கேட்டு வந்த எவரும் வருத்தம், நோய் என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியதில்லை. 1998இல் தம்பி சிவானந்தனின் மகள் அருந்ததிக்குச் சம்பந்தம் பேசியபோதும் அதையே காப்பாற்ற நினைத்தேன். தம்பி மனைவியை இழந்தவன். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் எதையும் முடிவு செய்பவன் நான்.

அந்த மாதம் ஒரு காலை தம்பியின் வலக்கையிலிருந்து தேநீர்க் கோப்பை விழுந்தது. கொஞ்ச நேரம் அவன் வாயில் சொல் வரவில்லை. பிறகு ஒன்றுமே நடவாததுபோல் பத்திரிகை வாசித்தான். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய், இடப்பக்கத்தில் கொழுப்புப் படிந்து முக்கால்வாசிக்கு மேல் ஒடுங்கியிருப்பது ஸ்கானில் தெரிந்தது. குழாயைத் திறந்து துப்புரவாக்க வேண்டும், பிந்தினால் பாரிசவாதம் வந்து கைகால் விழுந்துவிடலாம் என்று சொல்லி, சத்திரசிகிச்சை நிபுணர் வியாழக்கிழமையைக் குறித்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது வெள்ளிக்கிழமை. பெண்ணின் தகப்பன் கழுத்தில் தையலோடு கிடந்தால், பரம்பரை வருத்தம் என்று கதை கட்டுவார்கள். புதன்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் ஒழுங்கையில் இராணுவச் சுற்றிவளைப்பு, நாளைக்கு வர முடியாது என்றேன். அந்த நாட்களில் அதை எவரும் சந்தேகிப்பதில்லை. திங்கட்கிழமைக்கு மாற்றித் தந்தார்கள். டொக்டர்தான் தள்ளிப்போட்டார் என்று தம்பியிடம் சொன்னேன்.

வெள்ளி மாலை அவனுக்குச் சால்வை போட்டு முன்னறையில் இருத்தினேன். மாப்பிள்ளையின் தகப்பன் கதிர்காமநாதன் மகனோடும் ஒரு பை தோடம்பழத்தோடும் வந்து, தம்பியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நேற்று ஒப்பரேஷன் முடிஞ்சிருக்கும், வீட்டாக்களையும் கூட்டிக்கொண்டு போய் உங்களை ஆஸ்பத்திரியிலை பாப்பமெண்டு வந்தனாங்கள். உங்கடை கழுத்தை ஸ்கான் பண்ணினது என்ரை மகனெல்லே."

டொக்டர் தள்ளிப்போட்டதாகத் தம்பி சொன்னான். மாப்பிள்ளை எங்கள் தொலைபேசியிலேயே வார்டுக்குக் கதைத்தான். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"டொக்டர் தள்ளேல்லை. இந்த வீட்டிலையிருந்துதான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம். இப்பவே அட்மிட் பண்ணுவம், வாங்கோ."

தம்பி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, நீங்களோ?"

நான் அவனுடைய சால்வையைச் சரிப்படுத்தினேன்.

அவர்களுடைய வான் வண்டியில் புறப்பட்டோம். பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் தம்பியின் பெயரைக் கேட்டான். தம்பியின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. அடையாள அட்டை தெருவில் விழுந்தது. நோயாளி என்று மாப்பிள்ளை சிங்களத்தில் கத்தினான். முன்போல இதுவும் சரியாகிவிடும் என்று நினைத்தே நான் நின்றேன். சரியாகவில்லை. இடப்பக்க மூளையில் பெரும்பகுதி செத்துவிட்டது, இனிக் குழாயைத் திறந்து பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் இரவே சொல்லிவிட்டார்கள்.

கதிர்காமநாதன் பேச்சு மாறவில்லை. மூன்றாம் மாதம் எங்கள் வீட்டிலேயே கலியாண எழுத்து நடந்தது. பெண் பக்கத்துச் சாட்சி யார் என்று பதிவுகாரர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் மூத்தவர்தான் கையெழுத்து வைப்பது வழக்கம்.

"அப்பா வைப்பார்" என்றாள் அருந்ததி. சக்கர நாற்காலி அருகே குனிந்து, தம்பியின் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்தாள்.

நான் பேனையின் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன்.