பி ஃபார் பனமரத்துப்பட்டி

வெண்ணந்தூரில் ஒரு செய்திக்கு பஸ் ஏறி வரவேண்டிய தேவையே இல்லை. பிரீத்தி நாமக்கல்லில் வேலை முடித்து வீடு திரும்புவதற்குள், அவள் ஆபீசில் பேசிய பேச்சு அவளுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

"ஏஞ்சாமி, பி ஃபார் பனமரத்துப்பட்டியாமா?" என்றாள் எதிர்வீட்டு மாரியாயி. கேட்டதோடு முந்தானையால் வாயையும் மூடிக்கொண்டாள். வாயை மூடினால் சிரிப்பு மறைந்துவிடுமா, வயிறு குலுங்கியதே!

பிரீத்திக்குக் காது சுட்டது. "உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"சொல்றதென்ன, நீ பேசுனதே வந்திருக்குது. எம்மருமவன் அனுப்புனான்."

மாரியாயியின் மருமகன் லாரி ஓட்டுவது அதே முட்டை ஏற்றுமதிக் கம்பெனிக்குத்தான். நாமக்கல் முட்டை கப்பலேறி ஓமானுக்குப் போகும்போதெல்லாம், கண்டெய்னர் எண்ணை அங்கே துறைமுகத்தில் இருக்கும் யூசுப்புக்குப் போனில் சொல்வது பிரீத்தியின் வேலை. ஆறு வருடமாக அவள்தான் சொல்கிறாள். அவன் பக்கம் கிரேன் சத்தம், கடல் காற்று. ஒற்றை எழுத்துச் சொன்னால் பாதி வழியிலேயே கரைந்துபோகும். அதனால் எழுத்துக்கு ஓர் ஊரைக் கட்டி அனுப்புவாள். ஓ ஃபார் ஓமலூர், வி ஃபார் வெண்ணந்தூர். பாரிஸ், லண்டன் என்று நாகரிகமாகச் சொல்லலாம்தான். ஆனால் பாரிஸ் ஒரு காற்றுக்குத் தாங்காது. பனமரத்துப்பட்டி தாங்கும். அப்பா குழந்தைவேலின் விசைத்தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைத்தான் புது மேனேஜர் இளஞ்செழியன் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து, வரிசையாகச் சிரிப்பு பொம்மை ஒட்டி, லாரிக்காரர்கள் உட்பட எல்லாரும் இருக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். முதலாளி தனசேகரின் அக்கா மகன். பெங்களூரில் இரண்டு வருடம் இருந்து ஒரு இங்கிலீஷ் வாங்கி வந்திருந்தான். சொந்த ஊர் என்னவோ ஓமலூர்ப் பக்கம்தான். அதை அவனிடம் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

போட்டதோடு விட்டானா? "உங்க ஸ்லாங் இன்டர்நேஷனலா இல்லை. நாளையிலிருந்து தனப்பிரியா பேசட்டும். நீங்க மெயில் மட்டும் பாருங்க" என்றும் சொல்லிவிட்டான். அந்தப் போன் போய்விட்டால் பிரீத்திக்கு அங்கே நாற்காலிதான் மிச்சம்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தாளே தவிர ஒரு வாய் உண்ணவில்லை.

"உடு சாமி, சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போறாங்க" என்றாள் அம்மா அங்கம்மாள்.

"எதுக்கும்மா உடோணும்? அந்த ஓமான்காரனுக்குப் புரிஞ்சுதா இல்லியா? புரிஞ்சுதுன்னா இந்த மேனேஜருக்கு என்ன நோவுது?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை தனப்பிரியா போனை எடுத்தாள். பாவம், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் படித்த பெண். இங்கிலீஷ் குழாய்த் தண்ணீர் போலக் கொட்டியது. கொட்டிய வேகத்தில் யூசுப் நனைந்தானே தவிர ஒரு சொட்டும் குடிக்கவில்லை. "மறுபடி சொல்லு" என்றான். இன்னொரு முறையும் சொல்லச் சொன்னான். கடைசியில், "அந்தப் பெரிய ஊர் சொல்ற பொண்ணு எங்கே? அவளைக் கூப்பிடு" என்று ஸ்பீக்கரிலேயே கத்தினான்.

இளஞ்செழியன் நெளிந்தான். "பிரீத்தி, ரெண்டே நிமிஷம் வாங்களேன்."

பிரீத்தி திரும்பக்கூட இல்லை. "நான் மெயில் பாக்கறவளுங்க."

சத்தம் கேட்டுத் தனசேகர் அறையிலிருந்து வந்தார். "ஏனம்மணி, லைன்ல ஆளு நிக்கிறான். நம்பர் போகாட்டி அங்க பெட்டி வெளிய வராது."

"நிக்கட்டுங்க." பிரீத்தி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "என்ற பேச்சை ஊரெல்லாம் சிரிக்க உட்டவரு முதல்ல பதில் சொல்லட்டும்."

"சும்மா ஜாலிக்குப் போட்டது..." என்றான் இளஞ்செழியன்.

"உங்களுக்கு ஜாலிங்க. நான் என்ற தெருவுக்குள்ள தலையத் தொங்கப்போட்டுட்டுப் போனனுங்க. எந்தக் குரூப்புல போட்டீங்களோ அதே குரூப்புல சொல்லுங்க. எழுதப்படாது. வாயில சொல்லோணும்."

மேசைமேல் போன், "ஹலோ, ஹலோ" என்று அலறிக்கொண்டிருந்தது. தனசேகர் அக்கா மகனை ஒரு பார்வை பார்த்தார். அவன் செல்லை எடுத்து, "ஹாய் டீம், ஐ வுட் லைக் டு..." என்று ஆரம்பித்தான்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றாள் பிரீத்தி. "லாரிக்காரங்களுக்கும் தெளிவாப் புரியோணுமில்ல?"

அவன் முகம் சிவந்தது. வாயைத் திறந்தான், பெங்களூர் பாதியில் இறங்கிக்கொண்டது. "பிரீத்தி பேசுனதைப் போட்டது நாந்தானுங்க. அது தப்புங்க. அவிய பேசறது தெளிவாத்தான் இருக்குது. போனு இனி அவியதான் பேசுவாங்க." அப்படியே அச்சு அசல் ஓமலூர்.

பிரீத்தி அதன்பிறகே போனை எடுத்தாள். கோபம் ஆறாத குரலில் அவள் சொன்ன பனமரத்துப்பட்டி, போனே இல்லாமல் ஓமானுக்குக் கேட்டிருக்கும்.

மாலையில் மாரியாயி அவளைக் கண்டதும் வாசலைக் கூட்டுவதில் மும்முரமானாள்.

"இன்னிக்கு வந்ததைக் கேட்டீங்களா?" என்று நேரே போய் நின்றாள் பிரீத்தி.

"கேட்டேன் சாமி, கேட்டேன்."

"நேத்தைக்கு வந்ததை யாராருக்கு அனுப்புனீங்களோ, அவியளுக்கெல்லாம் இதையும் அனுப்புங்க."

"நெட்டு தீந்துபோச்சே சாமி."

பிரீத்தி பையிலிருந்து தன் செல்லை எடுத்தாள்.

"என்ற ஹாட்ஸ்பாட்டைப் போட்டுடறனுங்க. எடுங்க போனை."

மாரியாயி விளக்குமாற்றைக் கீழே வைக்கும்வரை, அவள் அந்த வாசலைவிட்டு நகரவில்லை.