கீபோர்டைத் தொடாதீங்க

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுப்பவனுக்கு இரண்டு வியாதிகள் நிச்சயம். ஒன்று தொண்டைக்கட்டு. இன்னொன்று இரத்தக்கொதிப்பு. எனக்கு இரண்டும் உண்டு. போதாக்குறைக்கு இந்த வருடம் என் மனைவியும் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் இதே கல்லூரியில் படித்தவள்தான். முதல் வருடத்திலேயே கல்யாணம், பிறகு மகள், அத்தோடு படிப்பு நின்றுபோனது. சக ஆசிரியர்கள் குடும்பத்தோடு கூடும் இடங்களில், யார் என்ன படித்தார்கள் என்ற பேச்சு எழுந்தால் அவள் மெல்ல எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள். யாருக்கும் தாகம் இருக்காது. நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். மகள் வெளியூர் விடுதிக்குப் போனதும் ஒரு நாள், “ஏங்க, விட்ட படிப்பை முடிச்சுடலாம்னு பாக்குறேன்” என்றாள்.

கல்லூரி முதல்வர் ஒரு நிபந்தனை போட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். அவள் அன்று விட்டுப்போன புரோகிராமிங் செய்முறைத் தேர்வில் இந்த முறையே தேற வேண்டும். தவறினால் சேர்க்கை ரத்து. “இன்னொரு வாய்ப்பு கிடையாதும்மா” என்று என் எதிரிலேயே சொன்னார்.

“நான் இருக்கேன், உனக்கென்ன கவலை?” என்றேன் அவளிடம்.

அன்று மாலையே மாமியார் போன் செய்தார். “மாப்ள, வாத்தியாரை வீட்லயே வெச்சுக்கிட்டு அவ கோட்டை விட்டான்னா, நாலு பேரு உங்களைப் பாத்துதான் சிரிப்பாங்க.”

என் பாடமுறையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். பலகையில் விளக்குவேன், பிறகு பிள்ளைகளை லேபுக்கு ஓட்டிக்கொண்டு போவேன். அங்கே எல்லாருக்கும் தெரிந்தது ஒரே வார்த்தை. “சார், வரல.” என்ன தப்பு நடந்தாலும் வரல. கம்ப்யூட்டர் ஸ்விட்சையே போடாதவனுக்கும் வரல. நான் போவேன், “நகரு” என்பேன், கீபோர்டை என் பக்கம் இழுத்துத் தட்டுவேன், ஓட வைப்பேன். “பாத்தியா?” “பாத்தேன் சார்.” அடுத்தவன். மணி அடிப்பதற்குள் என் லேபில் எல்லா புரோகிராமும் ஓடிக்கொண்டிருக்கும். வேறு எந்த ஆசிரியர் லேபிலாவது இதைக் காட்டுங்கள் பார்ப்போம்!

தேர்வு என்று வந்தால் மட்டும் அதே பிள்ளைகள் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் தேற மாட்டார்கள். செல்போனைத் திட்டினேன், பள்ளிக்கூடங்களைத் திட்டினேன், பெற்றவர்களைத் திட்டினேன். வேறென்ன செய்வது? பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் பருந்து. கூர்மையான பார்வைக்குக் கிடைத்த மரியாதை என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் லேப் வகுப்பிலேயே என் மனைவி கையைத் தூக்கினாள். “சார், வரல.”

வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தது. நான் விறைப்பாகப் போனேன். “நகரு” என்றேன், கீபோர்டை இழுத்தேன், தட்டினேன், ஓடியது. “பாத்தியா?”

“இல்ல சார்.”

“என்னம்மா இல்ல?”

“உங்க முதுகுதான் சார் தெரிஞ்சுது.”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து லேபிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். அவள் நிதானமாக டீயை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுக்கல. நீங்களே எழுதிட்டுப் போறீங்க. ஓடுது, சரி. ஏன் ஓடுதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல.”

“தலை நரைக்கிற வரைக்கும் பாடம் நடத்தினவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா?”

“பிள்ளைங்க உங்களை ஏன் பருந்துன்னு சொல்லுதுங்க, தெரியுமா?”

“என் பார்வைக்கு...”

“பார்வையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோழிக்குஞ்சைத் தூக்குற மாதிரி கீபோர்டைத் தூக்கிடுறீங்களாம்.”

சரி, இவளுக்கு மட்டுமாவது தொடாமல் சொல்லிக் கொடுத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். நான் பல்லைக் கடித்தேன். தொடைக்கு அடியில் கைகளை வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள் பாருங்கள், அவ்வளவுதான்! என் கை எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. முழங்கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது, லேப்டாப் முழுக்கத் தண்ணீர். அவள் ஒன்றும் பேசாமல் துணி எடுத்து வந்து துடைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரம் துறைத்தலைவர் கூப்பிட்டார். “உங்க வீட்டம்மா எதிர் செக்‌ஷனுக்கு மாறணும்னு நேர்ல வந்து கேட்டாங்க. காரணம் சொல்லட்டுமா?”

“வேணாம் சார்” என்றேன்.

எதிர் செக்‌ஷனுக்குப் பாடம் எடுப்பவர் போன வருடம் சேர்ந்த ஓர் அம்மா. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கைகட்டி மேடம். யார் “வரல” என்றாலும் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். “என்ன வரணும்னு நெனச்ச? என்ன வந்துச்சு?” இந்த இரண்டு கேள்விதான். விரலைக்கூட நீட்ட மாட்டார். மணி அடிக்கும்போது அவர் லேபில் பாதி புரோகிராம் ஓடாமல் கிடக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற வேலை என்று ஆசிரியர் அறையில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அதே அறையில் மற்ற ஆசிரியர்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். “என்ன சார், வீட்லயே எதிர்க்கட்சியா?” எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டேன். அழுகை வந்தது, மறைப்பானேன்.

வீட்டிலும் சட்டம் வந்தது. அவள் மேசையில் உட்கார்ந்து பழகும்போது நான் சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன். டக் டக் என்று சத்தம் வரும். திடீரென்று நிற்கும். நின்றால் எங்கோ மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். எனக்குக் கை பரபரக்கும்.

“ஏம்மா, என்னான்னு ஒரு தடவை...”

“நீங்க வெங்காயத்தைப் பாருங்க.”

தேர்வு நாள் வந்தது. நெருங்கிய உறவு என்பதால் நான் லேபுக்குள் நுழையக் கூடாது, ஆசிரியர் அறையிலேயே இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் உத்தரவு. நானும் இருந்தேன், கொஞ்ச நேரம். பிறகு பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற கணவன் மாதிரி லேப் வாசலில் உலாத்த ஆரம்பித்தேன். கதவின் மேல்பாதி கண்ணாடி. அவளுக்குக் கதவோரத்து இடம். குதிகாலை உயர்த்தினால் திரை தெரிந்தது.

அவள் எழுதி முடித்து ஓட்டினாள். எண்கள் கொட்டின. திரையின் கீழிருந்து மேலே பாய்ந்துகொண்டே இருந்தன, படிக்க முடியாத வேகத்தில். நிற்கவே இல்லை. அவள் உதட்டைக் கடித்தாள்.

வியாதி என்னவென்று வாசலில் நின்றே கண்டுபிடித்துவிட்டேன். புரோகிராம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் எண்ணிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். முதலாம் ஆண்டில் மறக்காத ஆளே கிடையாது. ஒன்றைக் கூட்டு, தீர்ந்தது!

கண்ணாடியை நகத்தால் தட்டினேன். அவள் நிமிர்ந்தாள். இரண்டு விரல்களைக் குறுக்காக வைத்துக் கூட்டல் குறி காட்டினேன். பிறகு ஒற்றை விரல். மறுபடியும் கூட்டல், மறுபடியும் ஒன்று.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரும்பினார். கதவைக் கொஞ்சம் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாரும்மா இது? ரொம்ப நேரமா கையைக் காட்டிட்டு இருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

அவள் என் கண்ணையே பார்த்தாள்.

“தெரியாதுங்க சார்” என்றாள். சொல்லிவிட்டுத் திரையை இரண்டு கைகளாலும் எனக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டாள்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே மேற்பார்வைக்கு நின்றிருந்த கைகட்டி மேடம், வந்த நாளிலிருந்து முதன்முறையாகக் கைகளை முன்னால் கொண்டுவந்து, என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினார்.

கட்டின புருஷனைத் தெரியாதாம்! பெஞ்சில் உட்கார்ந்து பொருமினேன். பொருமல் அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. இவள் தோற்றால் இனி வாழ்நாள் முழுக்க, படிப்புப் பேச்சு வரும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவரத்தான் எழுந்து போவாள். ஒரே ஒரு கூட்டல்தானே, பாவி, போட்டுத் தொலையேன் என்று தாளைப் பார்த்து முணுமுணுத்தேன்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் அவள் வந்தாள். முகத்திலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்னாச்சு?”

“வந்துடுச்சு.”

எனக்கு உயிர் வந்தது. “நான் சொன்னது புரிஞ்சுதுல்ல? கூட்ட மறந்துட்டியா?”

“மறக்கல.”

“பின்ன?”

“ஒண்ணுலேருந்து நூறுக்குள்ள இருக்கிற ஒத்தைப்படை எண் எல்லாம் வரணும்னு கேள்வி. ஒண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா சரியாத்தான் கூட்டினேன். நூறு வந்தா நில்லுன்னு எழுதிட்டேன். நூறு எங்கங்க வரும்? தொண்ணூத்தொம்போதுக்கு அப்புறம் நூத்தியொண்ணு. தாண்டிப் போய்க்கிட்டே இருந்துச்சு. ஓட்டத்தை நிறுத்திட்டு வந்த எண்ணையெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சேன், அப்பதான் தெரிஞ்சுது. நூறைத் தாண்டினா நில்லுன்னு மாத்தினேன்.”

கூட்டல் குறி காட்டிய என் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டேன்.

“நீங்க காட்டின மாதிரி இன்னொரு ஒண்ணைக் கூட்டியிருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க.”

“மூணு மூணா போயிருக்கும். அப்பவும் நிக்காம ஓடியிருக்கும்” என்றேன் தலையைக் குனிந்துகொண்டு.

“அதான் இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க.”

மனத்துக்குள் போட்டேன். ஒன்று, நான்கு, ஏழு, பத்து... எனக்கு வியர்த்தது. சரியாக நூறிலேயே போய் நின்றிருக்கும். அழகாக நின்றிருக்கும். வந்ததில் பாதி இரட்டைப்படை எண்கள், மொத்தமும் தப்பு.

“நின்னுடுச்சேன்னு நானும் சந்தோஷமா எழுந்து வந்திருப்பேங்க” என்றாள். அப்போதுதான் அவள் குரல் நடுங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

கதவைத் திறந்துகொண்டு தேர்வாளர் வந்தார். “மார்க்கு சொல்லக் கூடாது. ஆனா கவலைப்படாம வீட்டுக்குப் போங்கம்மா. தப்பைத் தேடிப் பிடிச்சீங்க பாருங்க, அதுக்காகவே குடுக்கலாம். யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

அவள் தயங்கி என் முகத்தைப் பார்த்தாள்.

“எதிர் செக்‌ஷன் மேடம் சார்” என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார், கோத்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். “கண்ணாடியில கை காட்டினது நீங்கதானே? நீங்க யாரு?”

“இவங்க வீட்டுக்காரர் சார்.”

“தெரியாதுன்னு சொன்னாங்களே?”

“நல்ல வேளை சொன்னாங்க சார்” என்றேன்.